கான்வென்ட் கதவும் தோட்டத்துப் பாதையும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கத்தோலிக்க மிஷன் ஆரம்பப் பள்ளிகள் யாருக்காக எழுந்தன என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்திருக்கும் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "ஐயா, எங்க பாட்டி தோட்டத்துல பால்மரம் சீவினவங்க. கான்வென்ட்டுன்னா கிள்ளானுக்குப் போகணும். அந்தக் கட்டடத்தை பஸ்ஸுல போறப்ப பார்த்ததோட சரி. அதோட வரலாறு எங்களுக்கு எதுக்கு?"

நான் எழுதிக் கொண்டு வந்திருந்த உரையை அந்தக் கேள்வி மாற்றிவிட்டது. எல்லாருக்கும் திறந்த பள்ளி என்று சொல்கிறோம். அந்த 'எல்லாரும்' யார் யார்? யார் விடுபட்டார்கள்? இதைக் கேட்காமல் மிஷன் பள்ளிகளின் பெருமையை மட்டும் பேசினால் அது பாதி வரலாறுதான்.

தொடக்கம் ஏழைக்காக

கதை நம் நாட்டில் தொடங்கவில்லை. 1662-ஆம் ஆண்டு, பிரான்சில் ரூவான் நகரம். நிக்கோலா பாரே என்ற துறவி, தெருவில் திரிந்து கொண்டிருந்த ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் படிப்புச் சொல்லிக் கொடுக்கச் சில பெண்களைத் திரட்டினார். பின்னாளில் அந்தப் பெண்கள் ஒரு சபையானார்கள். நாம் 'கான்வென்ட் சிஸ்டர்கள்' என்று சொல்கிறோமே, குழந்தை இயேசு சபைக் கன்னியர், அவர்களுடைய வேர் அதுதான்.

இதே பாரேயிடம் ஆலோசனை கேட்டவர்களில் ஒருவர் ஜான் பாப்டிஸ்ட் தெ லாசால். 1651-இல் பிறந்தவர், செல்வக் குடும்பத்துப் பிள்ளை. ஏழைப் பள்ளிகளில் வேலை பார்த்த ஆசிரியர்களைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார். உறவினர்கள் முகம் சுளித்தார்கள். அவர் கேட்கவில்லை. பதவியைத் துறந்தார். பஞ்ச காலத்தில் சொத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். 1680-இல் அவர் தொடங்கிய சகோதரர் சபைதான் நம் ஊர் லாசால் பள்ளிகளுக்குத் தாய்வீடு.

லாசால் செய்த ஒரு காரியம் தமிழர்களாகிய நமக்கு மிகவும் முக்கியம். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு முதலில் லத்தீன் எழுத்தைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். லாசால் அதை மாற்றி, வீட்டில் பேசுகிற பிரெஞ்சு மொழியிலேயே வாசிக்கக் கற்றுக் கொடுங்கள் என்றார். ஏழைப் பிள்ளை சில ஆண்டுகள்தான் பள்ளிக்கு வருவான், அதற்குள் அவனுக்குப் பயன்படுகிற படிப்பு கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆக, அடித்தளத்தில் இரண்டு கொள்கைகள் இருந்தன. கட்டணம் கூடாது என்பது ஒன்று. பிள்ளைக்குப் புரிகிற மொழி வேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

1852: கப்பல் வந்தது

1852-இல் கன்னியர் பினாங்கு வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டில் லாசால் சகோதரர்களும் இந்த வட்டாரத்துக்கு வந்தார்கள். சிங்கப்பூரில் செயின்ட் ஜோசப், பினாங்கில் செயின்ட் சேவியர் ஆகிய பள்ளிகளின் பிறந்த ஆண்டு அதுதான். 1854-இல் சிங்கப்பூரிலும் கான்வென்ட் தொடங்கியது.

கன்னியர் கையில் எடுத்த வேலை பாடம் நடத்துவது மட்டுமல்ல. வேண்டாம் என்று விடப்பட்ட கைக்குழந்தைகளைக் கான்வென்ட் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வறுமையால் விட்டவர்கள் உண்டு. பெண்ணாகப் பிறந்துவிட்டது என்பதற்காக விட்டவர்களும் உண்டு. அந்தக் குழந்தைகளையும் எடுத்து வளர்த்தார்கள். ஒரே மதிலுக்குள் கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளையும் இருந்தது, வாசலில் கிடைத்த பிள்ளையும் இருந்தது. இருவரையும் ஒரே மாதிரி நடத்தினார்களா என்றால், எப்போதும் அப்படி இல்லை. கட்டணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வகுப்பு, அநாதைகளுக்கு ஒரு வகுப்பு என்று பிரித்து வைத்த காலமும் இருந்தது. ஆனாலும் வாசலில் கிடந்த குழந்தையின் இனம் என்ன, சமயம் என்ன என்று கேட்டு எடுத்துக் கொள்ளவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கோலாலம்பூருக்குக் கான்வென்ட் வந்தது 1899-இல். இன்றைய புக்கிட் நானாஸ் கான்வென்ட் அதுதான். பக்கத்திலேயே 1904-இல் செயின்ட் ஜான்ஸ் பள்ளி. கிள்ளானில் கான்வென்ட் 1924-இல் தொடங்கியது. நான்கு ஆண்டு கழித்து, 1928-இல், கிள்ளான் லூர்து மாதா ஆலயம் எழுந்தது.

தமிழறிந்த பாதிரிமார்

தமிழர்களுக்கு இந்தத் திருச்சபை அந்நியமானதல்ல. மலாயாவுக்குப் பாதிரிமாரை அனுப்பிய பாரிஸ் அந்நிய வேதபோதக சபைதான் புதுச்சேரியிலும் வேலை செய்தது. அதனால் தமிழ் கற்ற பிரெஞ்சுக்காரர்கள் இங்கே பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ரெனே ஃபே. 1882-இல் பேராக், பாகான் செராயில் நிலம் வாங்கித் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியேற்றினார். பிற்பாடு மலாக்கா மறைமாவட்ட ஆயராகவும் ஆனார்.

இரயில்வே பட்டறையில் வேலை பார்த்த தமிழர்கள் திரண்டிருந்த செந்தூலில் செயின்ட் ஜோசப் ஆலயமும் அதன் பெயரிலேயே தமிழ்ப்பள்ளியும் வந்தன. ஈப்போவில் செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி உண்டு. பெயரைக் கேட்டால் கத்தோலிக்கம். வகுப்பில் போய்ப் பார்த்தால் திருநீறு பூசிய பிள்ளைகளும் இருப்பார்கள். லாசால் சொன்ன 'புரிகிற மொழி' என்ற கொள்கை இங்கே தமிழாக நின்றது.

ஆனால் இப்படிப்பட்ட கத்தோலிக்கத் தமிழ்ப்பள்ளிகள் மிகச் சில. மிஷன் பள்ளி என்றாலே ஆங்கிலப் பள்ளி என்றுதான் ஊரில் பெயர். அங்கே படித்த தமிழர்கள் யார்? இரயில்வே குமாஸ்தாவின் பிள்ளை, அரசாங்க அலுவலகத்துக் கிராணியின் பிள்ளை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நிலைய அதிகாரியின் பிள்ளை, கடைக்காரர் பிள்ளை. சீனப் பிள்ளைகளோடும் யூரேசியப் பிள்ளைகளோடும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குப் போகும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. எத்தனையோ இந்துக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் கான்வென்ட்டில் படித்து இந்துக்களாகவே இருக்கின்றன. மதம் மாற்றத்தான் பள்ளி நடத்தினார்கள் என்று பொத்தாம் பொதுவாகப் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளை எங்கே?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

கிள்ளானில் 1924-இல் கான்வென்ட் திறந்தபோது சுற்றுவட்டாரம் எப்படி இருந்தது? கிள்ளான், கோல லங்காட், கேரித் தீவு என்று எங்கு பார்த்தாலும் தோட்டங்கள். அங்கே இருந்த பிள்ளைகளுக்கு என்ன வழி? 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஒன்று இருந்தது. 7 வயது முதல் 14 வயது வரை 10 பிள்ளைகளாவது இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது அது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை. ஆசிரியர் என்பவர் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி அல்லது கிராணி. காலையில் அப்பாவோடும் அம்மாவோடும் வேலைக்குப் போன பிள்ளை, நேரம் கிடைத்தால் பள்ளிக்கு வரும்.

கிள்ளான் கான்வென்ட் எந்தப் பிள்ளையையும் தோட்டத்துப் பிள்ளை என்பதற்காகத் துரத்தியதாக யாரும் சொல்லவில்லை. துரத்த வேண்டிய தேவையே வரவில்லை. நாளுக்கு 50 காசு அளவில் கூலி வாங்கியவர் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், சீருடை வாங்க வேண்டும், பஸ் கட்டணம் கொடுக்க வேண்டும். அதற்கும் மேல், வீட்டில் ஒரு வார்த்தைகூடக் கேட்டிராத ஆங்கிலத்தில் அந்தப் பிள்ளை படிக்க வேண்டும். லாசாலின் இரண்டு கொள்கைகளை நினைத்துப் பாருங்கள். கட்டணம் கூடாது, புரிகிற மொழி வேண்டும். தோட்டத்துப் பிள்ளையைப் பொறுத்தவரை இரண்டுமே பொய்த்துப் போயின. கதவு திறந்துதான் இருந்தது. கதவு வரைக்கும் வர முடியவில்லை.

அந்தப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு 1941-ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன். அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர் ஆர்.எச்.நாதன். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர். கூலி உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற அவமானத்தை ஒழிக்கச் சொன்னார்கள். அதே பட்டியலில் எங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வசதி வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. பதில் என்ன தெரியுமா? நாதனை நாடு கடத்தினார்கள். இராணுவத்தை இறக்கினார்கள். தொழிலாளர்கள் சிலர் சுடப்பட்டு மாண்டார்கள்.

கான்வென்ட் திறந்து 17 ஆண்டுக்குப் பிறகு, அதே வட்டாரத்தில், பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டு நின்றவர்கள் அந்த அம்மாவின் பாட்டி போன்றவர்கள். ஆகவே, அம்மா, இது உங்கள் வரலாறும்தான். உள்ளே போனவர்களின் கதையைப் போலவே வெளியே நின்றவர்களின் கதையும் பள்ளியின் கதையைச் சேர்ந்தது.

ஒரே பெஞ்சில் உட்கார்வது

இதில் இன்னொன்றையும் ஒளிக்காமல் பேச வேண்டும். உள்ளே போய்விட்டால் எல்லாரும் சமம் ஆகிவிடுவார்களா? நம் சமுதாயத்தின் பழைய அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று நடுவே சுவர் இருந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1920-களின் இறுதியில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சரிசமமாக உட்கார வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது கடும் எதிர்ப்புக் கிளம்பியது. பள்ளிகளுக்குத் தீ வைத்த சம்பவங்களும் நடந்தன. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததற்காகப் பள்ளியைக் கொளுத்திய இனம் நாம்.

ஆகவே மலாயாவின் மிஷன் பள்ளி வகுப்பில் யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் பெயர் வரிசைப்படி உட்கார வைத்த ஆசிரியர் செய்த வேலை சின்ன வேலை அல்ல. யாழ்ப்பாணத்தில் சண்டையாக நடந்தது இங்கே வகுப்பேட்டுப் பெயர் வரிசையில் சத்தமில்லாமல் நடந்தது. நம் பாட்டன்மார் ஊரிலிருந்து கட்டிக் கொண்டு வந்த மூட்டையில் ஒன்றை அந்த வகுப்பறைகள் இறக்கி வைத்தன.

அரசாங்கத்தின் கைக்கு

1956-இல் ரசாக் அறிக்கை வந்தது. 1957-இல் கல்விச் சட்டம். 1960-இல் ரஹ்மான் தாலிப் அறிக்கை, அதையொட்டி 1961-இல் புதிய சட்டம். மிஷன் பள்ளிகள் ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தது. தேசியக் கல்வி முறைக்குள் வந்தால் முழு உதவி கிடைக்கும். வெளியே நின்றால் சொந்தக் காலில் நிற்க வேண்டும், கட்டணம் வாங்கித்தான் பள்ளியை நடத்த முடியும். கத்தோலிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் உள்ளே வந்தன. நிலமும் கட்டடமும் திருச்சபையுடையது, ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் அரசாங்கத்துடையது என்று ஆயிற்று.

இதனால் திருச்சபை தன் அதிகாரத்தை இழந்தது உண்மை. ஆனால் 1962-இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணம் நீங்கியது. 300 ஆண்டுக்கு முன்னால் ரூவானில் பாரே கேட்டது, கிள்ளானில் அரசாங்கப் பணத்தில் நடந்தது. பணக்காரப் பிள்ளைகளுக்கான தனியார் பள்ளியாக ஒதுங்கிவிடும் வழி கண்முன்னே இருந்தும் அதை எடுக்காமல் பொதுப்பள்ளியாக நிற்கத் துணிந்தார்களே, மிஷன் பள்ளி வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது அந்த முடிவைத்தான். 1965-இல் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட கல்வி அறிக்கையும், கத்தோலிக்கர் அல்லாத மாணவர்கள் படிக்கும் பள்ளிகள் திருச்சபைக்கு மிகவும் அருமையானவை என்ற கருத்தை ஏற்றுக் கொண்டது.

1970-இல் முதலாம் ஆண்டிலிருந்து ஆங்கில வழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய் மொழிக்கு மாறின. அதன் பிறகு கம்பத்துப் பிள்ளைகளும் கான்வென்ட்டுக்கு வரத் தொடங்கினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்பேட்டை வந்து, தோட்டத்துப் பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறத் தொடங்கிய காலமும் இதை ஒட்டித்தான். சில வீடுகளில் அந்தச் சம்பளத்தில்தான் அடுத்த தலைமுறைப் பெண் முதன்முதலாகக் கிள்ளானுக்குப் படிக்கப் போனாள்.

பெயர் மட்டும் மிஞ்சுமா?

இன்று நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட கிறிஸ்துவ மிஷன் பள்ளிகள் இருக்கின்றன. கன்னியரும் சகோதரர்களும் வகுப்பில் நிற்பது அநேகமாக முடிந்து போன கதை. கட்டடங்கள் பழசு. கூரை பழுதானால் பெற்றோர் ஆசிரியர் சங்கம்தான் பணம் திரட்ட ஓடுகிறது. 2012-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மிஷன் பள்ளிகளுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். தமிழ்ப்பள்ளிகளுக்கும் அதே தொகை. அப்படி ஒதுக்கீடு வந்தால்தான் பல பள்ளிகளுக்கு மூச்சு.

நிலமும் நிலையானதல்ல. புக்கிட் நானாஸ் கான்வென்ட்டின் நிலக் குத்தகை 2021 செப்டம்பரில் முடிய இருந்தது. நீட்டிக்கக் கேட்ட விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பழைய மாணவிகள் குரல் கொடுத்தார்கள். அவர்களில் எல்லா இனமும் இருந்தது. கடைசியில் குத்தகை 60 ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. அந்தப் பள்ளியைத் தங்களுடையது என்று சொல்லக் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் முன்வந்தார்களே, 1899-இலிருந்து செய்த வேலைக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

'எல்லாரும்' என்ற சொல் இப்போது இன்னும் அகலமாகியிருக்கிறது. 1997-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகள், கற்கத் தகுதியுள்ளவர்கள் என்று சிலரை ஏற்று, கடுமையான குறைபாடு உள்ளவர்களை வெளியே நிறுத்தின. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் நிராகரிக்கக் கூடாது என்ற கொள்கையைக் கல்வியமைச்சு நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. அது மிஷன் பள்ளி, தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் பழைய பாடத்தை மறந்துவிடக் கூடாது. நிராகரிக்க மாட்டோம் என்பது கதவைத் திறந்து வைப்பது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருக்கிறதா, பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா, அந்தப் பிள்ளையை ஏற்றிக் கொள்ள பஸ் இருக்கிறதா? இவை இல்லையென்றால் 1924-இல் தோட்டத்துப் பிள்ளை நின்ற இடத்தில் இந்தப் பிள்ளை நிற்கும்.

பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதா, மிஷன் பள்ளிக்கு அனுப்புவதா என்ற வாதத்துக்கு நான் இன்று வரவில்லை. தமிழ்ப்பள்ளியும் நம் வட்டாரத்தின் பள்ளிதான். தோட்டக் கொட்டகையிலிருந்து அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் நம் பெற்றோர். எந்தப் பள்ளியாக இருந்தாலும் நான் கேட்பது ஒரே கணக்கு. வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுகிறோம். அந்தப் பள்ளியைச் சுற்றியுள்ள வீடுகளில் வராத பிள்ளை எத்தனை, ஏன் வரவில்லை என்றும் எண்ண வேண்டும். காரணம் பஸ் கட்டணமா, மொழியா, நோயா, வெட்கமா? கண்டுபிடித்தால் தீர்த்து விடலாம். 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பதைச் சட்டத்துக்கு முன்னால் நாம்தான் அறிவோம்.

தெலுக் பங்லிமா காராங் அம்மாவிடம் நான் ஒன்று கேட்டேன்: "உங்க பிள்ளைங்க எங்கம்மா படிச்சாங்க?" அவர் சிரித்துக் கொண்டே சொன்னார்: "பெரியவ தமிழ்ப்பள்ளி, சின்னவ கிள்ளான் கான்வென்ட். விடியக்காலை அஞ்சரைக்கு பஸ். ஆறு வருசமும் நானே கொண்டுபோய் ஏத்திவிட்டேன்."

அந்தப் பாதையை அவர் நடந்து கடந்துவிட்டார். இன்னும் நடக்க முடியாத வீடுகள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அவர்களைத் தேடிப் போவதை இந்த வார இறுதியிலேயே தொடங்குவோம்.